பூனை எத்தனை தடவை கீறும்?

வாத்தியார்களில் பல வகை உண்டு. பிரம்பை நம்புகிறவர், சிவப்பு மையை நம்புகிறவர், கடைசி மணியை மட்டுமே நம்புகிறவர். இவர்களையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதாவது முதல் நாளே தெரிந்துவிடும். நான் சொல்ல வந்தது இன்னொருவரைப் பற்றி. "உங்க இஷ்டத்துக்கு வாசிங்க" என்று சொல்லிக் கொடுக்கிற இசை வாத்தியாரைப் பற்றி.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில், பெஞ்சுகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, பிள்ளைகளை வட்டமாகத் தரையில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றிப்போட்டு அவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். சுவரில் அவரே எழுதி ஒட்டிய அட்டை ஒன்று தொங்கும்: 'இங்கே தப்பு என்று ஒன்றும் கிடையாது.' கடைசி எழுத்து கோணலாகிவிட்டது என்று அந்த அட்டையை மூன்று முறை கிழித்துப்போட்டு எழுதினார் என்பது, குப்பைக்கூடையைக் காலி செய்த பியூனுக்கு மட்டும் தெரியும்.

இவர் நடத்துவது என்ன வகுப்பு? ஒருவர் கதை படிப்பார். பிள்ளைகள் புல்லாங்குழல், டிரம், ஹார்மோனியம், பிளாஸ்டிக் வாளி, தகரத் தட்டு என்று கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு, அந்தக் கதைக்கு அந்த நிமிஷத்தில் மனதில் தோன்றுகிற இசையையும் சத்தத்தையும் போடவேண்டும். முன்கூட்டி எழுதிவைத்து வாசிக்கக் கூடாது. கேட்கவே ஆசையாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் ஒருநாள் போய் மூலையில் உட்கார்ந்து பார்த்தேன்.

"நெஞ்சுல என்ன தோணுதோ அது கையில வரட்டும். யாரையும் பாத்துப் பயப்படாதீங்க. என்னையும்தான்" என்றார்.

டிரம் வைத்திருந்தவன் நெஞ்சில் தோன்றியதை ஓங்கி அடித்தான்.

"சூப்பர்! பிரமாதம்! ஆனா..."

இந்த 'ஆனா'தான் அவருடைய அங்க அடையாளம். யானைக்குத் தும்பிக்கை எப்படியோ, இவருக்கு 'ஆனா' அப்படி. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், எதையும் அதனால்தான் தொடுவார். "ஆனா கொஞ்சம் மெதுவா தோணட்டும், என்ன?" என்றார் டிரம்காரனிடம். புல்லாங்குழல்காரியிடம், "உனக்குத் தோணினது ரொம்ப அழகு, ஆனா அது ரெண்டாவது வரிக்குத் தோணவேண்டியது" என்றார். எப்போது என்ன தோன்றவேண்டும் என்பதெல்லாம் அவர் மடியிலிருந்த நீல அட்டை நோட்டில் ஏற்கெனவே தோன்றியிருந்தது. எட்டிப் பார்த்தேன். 'இங்கே பிள்ளைகள் தங்கள் இஷ்டப்படி வாசிப்பார்கள், எட்டு எண்ணும் வரை. பிறகு எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள்' என்று எழுதி, 'ஆச்சரிய'த்தின் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். பிள்ளைகளைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. விடுமுறை நாளிலும் பழைய சாமான் கடைகளில் தகரத்தைத் தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டு நிற்பார். வீட்டிலும் இதே தாராளம்தான். "இன்னிக்கு உனக்கு என்ன பிடிக்குதோ அதைச் சமை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கரண்டி சத்தம் கேட்டதும் சமையலறை வாசலில் வந்து நிற்பார். "ஆனான்னு ஆரம்பிச்சீங்க, நீங்களே சமைச்சுக்கணும்" என்று அந்த அம்மாள் திரும்பாமலே சொல்வதை எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஆண்டு விழாவுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு பூனைக் கதை. வீட்டை விட்டுப் போன பூனை, இடியிலும் மழையிலும் சந்தையிலும் அலைந்து திரிந்து, கடைசியில் வீட்டுக் கதவைத் தேடி வருகிறது. கதையைப் படிப்பவர் பள்ளி நூலகர் அம்மாள். பூனை திரும்பி வரும் இடத்துக்கு என்ன சத்தம் என்று வாத்தியார் கேட்டார். இருபது பிள்ளைகள் ஒரே குரலில் மியாவ் என்றன. ஒரு பெண் மட்டும் எதுவும் சொல்லாமல், ஜாமெட்ரி பாக்ஸைக் கவிழ்த்துவைத்து, தலைவாரும் சீப்பை எடுத்து அதன் முதுகில் கீறினாள். க்ரீச். க்ரீச். கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெல்ல, க்ரீச்.

என் முழங்கை ரோமம் குத்திட்டு நின்றது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். வாத்தியாருக்கும் ஏதோ செய்திருக்கவேண்டும், ஒரு கணம் வாயைத் திறந்தபடியே இருந்தார்.

"அற்புதம்மா! ஆனா, அந்த இடத்துல புல்லாங்குழல்தான் வரணும். நோட்டுல அப்படித்தான் இருக்கு. உனக்கு வேற ஒரு முக்கியமான வேலை தரேன். நீதான் மௌனம்."

"மௌனம்னா என்ன சார் வாசிக்கணும்?"

"எதுவும் வாசிக்கக் கூடாது. ஆனா உணர்ச்சியோட வாசிக்காம இருக்கணும்."

அன்றிலிருந்து அவள் பெயரே மௌனம் ஆகிவிட்டது. ஒன்றரை மாத ஒத்திகையிலும் தகரத்துக்கும் டிரம்முக்கும் நடுவில் கைகட்டி உட்கார்ந்து உணர்ச்சியோடு வாசிக்காமல் இருந்தாள். சில நாள் போய்ப் பார்ப்பேன். பூனை கதவுக்கு வரும் இடத்தில் அவள் விரல்கள் மட்டும் பாவாடையை மெல்லக் கீறும். "சார், ஒரே ஒரு தடவை கீறட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும், "அடுத்த வருஷம் பாப்போம்மா, உன் இஷ்டம்போல" என்றார் அவர். எனக்கு அந்தப் பெண்ணை நினைத்து உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் தலையிடக் கூடாதென்று சும்மா இருந்துவிட்டேன்.

விழா வந்தது. மண்டபம் நிரம்பியது. மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் வாத்தியார் நின்றுகொண்டார், விரல்களைக் காட்ட. ஆமாம், பிள்ளைகள் தன்னிச்சையாக வாசிக்கவேண்டிய இடங்களையெல்லாம் அவர் எண் போட்டுவைத்திருந்தார். ஒரு விரல் காட்டினால் பூனை கிளம்பும்போது தோன்றும் கற்பனை, இரண்டு விரல் என்றால் இடி, மூன்று என்றால் மழை. "பாருங்க, எல்லாம் அந்தந்த நிமிஷத்துல அதுங்களா போடுறது" என்று நிகழ்ச்சிக்கு முன்னால் மைக்கிலும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நூலகர் அம்மாள் கணீரென்று படித்தார். பூனை கிளம்பியது. ஒரு விரல். ஹார்மோனியம் அழகாகக் கிளம்பியது. அம்மாள் பக்கத்தைப் புரட்டினார். புத்தகம் புதிது, மூன்று தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டன. இடி, மழை, சந்தை எல்லாம் அந்தத் தாள்களோடு போய்விட்டன. அம்மாள் அதைக் கவனிக்கவில்லை. "வீடு தூங்கிவிட்டது. அம்மா மட்டும் விழித்திருந்தாள்" என்று தாழ்ந்த குரலில் படித்தார்.

இரண்டு விரல் உயர்ந்தது. டமடமவென்று இடி இடித்தது. தூங்கிய வீட்டுக்குள், அந்த அம்மாவின் தலைமாட்டில்! சபையில் சிரிப்பு. வாத்தியார் அவசரமாக ஐந்து விரல் காட்டினார், அப்புறம் ஏழு, அப்புறம் இரண்டு கையையும் விரித்துப் பத்தையும் காட்டினார். பத்தில் ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்து விழித்தன. புல்லாங்குழல்காரி ஊதுவதா வேண்டாமா என்று தெரியாமல் குழலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் சத்தமே இல்லை. யோசித்துப் பாருங்கள், அந்த நேரத்தில் தன் பங்கைச் சரியாக வாசித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள்.

"கதவருகில் ஏதோ கேட்டது" என்று படித்தார் அம்மாள்.

மௌனம் திரைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவாடைப் பையிலிருந்து சீப்பை எடுத்தாள். பக்கத்தில் இருந்த தகரத் தட்டை இழுத்துக் கவிழ்த்தாள். க்ரீச். க்ரீச். கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெல்ல, க்ரீச். சிரித்துக்கொண்டிருந்த மண்டபம் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. மண்டபத்தின் கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன் எழுந்துபோய், வாசல் கதவைத் திறந்து, குனிந்து பார்த்தார்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். "இதைத்தாங்க நான் இத்தனை நாளா சொல்லிக்கொடுத்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் நீல நோட்டைத் திறந்து எழுதினார்: 'சீப்பு. மூன்று கீறல். இரண்டாவதுக்குப் பிறகு இடைவெளி. தன்னிச்சையாக.'

அடுத்த வாரமே பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு. மறுபடி ஒத்திகை. மௌனத்துக்கு இப்போது புதிய சீப்பும், அவர் தேடி வாங்கிய தகரமும் கிடைத்திருந்தன. கீறினாள். அவர் கை உயர்ந்தது.

"நல்லா இருக்கும்மா. ஆனா, அன்னிக்கு மூணுதானே கீறின? இன்னிக்கு ஏன் நாலு?"

"இன்னிக்குப் பூனை நாலு தடவை கீறுச்சு சார்."

அவர் நோட்டைப் பார்த்தார். சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். பிறகு மிகவும் கனிவாக, "பூனைகிட்ட மூணோட நிறுத்தச் சொல்லும்மா" என்றார்.

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். கைகட்டிக்கொண்டாள். எந்த விரலும் காட்டாமலே, உணர்ச்சியோடு வாசிக்காமல் இருக்க ஆரம்பித்தாள். அவர் மூன்று கீறலுக்கு மூன்று விரலையும் காட்டிப் பார்த்துவிட்டார். பூனை வரவேயில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று உங்கள் மகளிடம், "உனக்குப் பிடிச்சதை வரைடா கண்ணு" என்று சொன்னீர்களே, அவள் ஆட்டுக்குட்டிக்கு ஊதா நிறம் தீட்டியபோது உங்கள் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை என்ன? நானும் யோக்கியன் இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், உங்கள் இஷ்டம். ஆனால், பியூன் கதவைத் திறந்த இடத்தில் நீங்கள் சிரித்ததாகத் தெரியவில்லை. அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படித்துவிடுங்களேன்.