தட்டுப் படம் போட்ட பொத்தான்

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். நீங்களும் சித்தப்பாவும் நலமா என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க நேரமில்லாததால், நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். ராத்திரியாகிவிட்டது, அம்மா என் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். எழுத அட்டை கிடைக்கவில்லை. என் தோளில் மாட்டிவிட்ட பெட்டி கச்சிதமாக இருப்பதால், அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். பெரிய தப்புப் பண்ணிவிட்டேன், சித்தி.

என் ராத்திரி இருமலுக்குக் காரணம் வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுவதுதானா என்று பார்க்க, போன மாதம் மூக்கு வழியாக நூல் மாதிரி ஒரு குழாயை விட வந்தார்கள் அல்லவா, அப்போது நான் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டதால் ("கடிக்கல டாக்டர், வாய் தானா மூடிக்கிச்சு" என்று அப்பா சமாளித்தார்), இந்தத் தடவை மயக்க மருந்து கொடுத்துத்தான் விட்டார்கள். அந்த மருந்தில் தூங்கும்போது ஒன்றும் இல்லை. முழிக்கும்போதுதான் வாய்க்குப் பூட்டு இல்லாமல் போகிறது. கண்ணைத் திறந்ததும் நர்ஸக்காவிடம், "எங்கம்மா முடி கறுப்பு இல்லக்கா, டப்பாவுல வருது" என்றேனாம். அப்பாவிடம், "உங்க கண்ணாடி மேல நீங்க உக்காரலப்பா, நான்தான் உக்காந்தேன்" என்றேனாம். பாவம், மூக்குக்கண்ணாடி தன் எடையால்தான் நொறுங்கியது என்று நம்பி அவர் ஆறு மாதமாக உடம்பைக் குறைக்க நடந்துகொண்டிருக்கிறார்.

குழாயில் ஏறும் புளிப்பைக் கோடாகப் பதியும் இந்தப் பெட்டியில் மூன்று பொத்தான்கள். சாப்பிட்டால் தட்டுப் படம், படுத்தால் கட்டில் படம், நெஞ்செரிந்தால் நெருப்புப் படம். அமுக்கினால் பச்சை விளக்கு கண் சிமிட்டும். அமுக்காமல் தின்றால் கோடெல்லாம் குழம்பி, மறுபடி மயக்கம், மறுபடி குழாய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானோ மத்தியானம் ஒன்றரை மணிக்கு, அம்மா குளியலறைக்குப் போன நேரம் பார்த்து, அப்பா பையிலிருந்த கிரீம் கேக்கை அமுக்காமலே தின்றுவிட்டேன். மறுபடி மயக்கம் என்றால் என் வாயில் மிச்சமிருப்பது ஒரே ஒரு ரகசியம்தான், சித்தி. மெத்தைக்கடியில் இருக்கும் கணக்குப் பரீட்சைத் தாள். அதில் அப்பா பெயரில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது.

இந்த இடத்தில் நர்ஸக்கா வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்து, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள். கேக்கைச் சொல்லிவிட்டேன்.

"எத்தன மணிக்குத் தின்ன?"

"ஒண்ணரை."

"நீ முழிச்சதே பன்னெண்டரைக்கு. மருந்து தெளியற வரைக்கும் வயிறும் தொண்டையும்கூட அரைத்தூக்கத்துல இருக்கலாம். அப்ப வர்ற கோட்ட எங்க டாக்டர் நம்பவே மாட்டாரு. மொத நாலு மணி நேரத்த வெட்டித் தூரப் போட்டுட்டு, அதுக்கப்புறம்தான் பாப்பாரு. உன் கேக்கும் அதோட போச்சு, போ."

"அப்ப நான் உளறினதையும் வெட்டிப் போட முடியாதாக்கா?"

"அது மெஷின்ல இல்லடி, உங்கம்மா காதுல இருக்கு."

அதனால் இப்போது நிம்மதியாக இருக்கிறேன். மூக்குக் குழாய்கூடப் பழகிவிட்டது. நாளை மத்தியானம் வரை தாங்கினால் போதும். சோதனையில் நான் நிச்சயம் பாஸ், கணக்கைப் போல இல்லை. நீங்களும் நிம்மதியாகத் தூங்குங்கள். சித்தப்பாவுக்கு என் வணக்கம், குட்டிப்பயலுக்கு ஒரு முத்தம்.

உங்கள் அன்பு மகள் மாதிரியான,
அக்கா மகள்.

பின்குறிப்பு: சித்தி, தாளை எடுத்ததும் பார்க்கிறேன், பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, நான் முற்றுப்புள்ளியை எப்போதும் அழுத்திக் குத்துவேன் என்று உங்களுக்குத் தெரியும், ஒவ்வொன்றும் தாளுக்கடியில் தட்டுப் படத்தின்மேல் போய் விழுந்திருக்கிறது, "ஒரே ராத்திரியில முப்பத்தேழு வேளை சாப்பிட்டிருக்கியேடி" என்று பெட்டித் திரையில் எண்ணிக்கையைப் பார்த்த நர்ஸக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள், காலையில் டாக்டர் வந்து மறுபடி மயக்கம் என்று சொல்லிவிட்டால் நான் முழிப்பதற்குள் கையெழுத்து விஷயத்தை நீங்களே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள், வேறு அட்டை இன்னும் கிடைக்காததால் இதையும் பெட்டிமேல் வைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் ஓர் இடத்தில்கூட முற்றுப்புள்ளி வைக்கவில்லை, இனி வைக்கவும் மாட்டேன்