சம்பந்தி துப்பிய ஆசி

எசப்பாட்டு மேடைகளில் எதிராளியை வாயடைக்க வைத்தவரும், எங்கள் வீட்டுக்கு மருமகளைத் தந்தவருமான மதிப்பிற்குரிய சம்பந்தி ஸபார்கலி அவர்களுக்கு, தொக்தார் தலைவணங்கி எழுதுவது. தங்கள் குதிரைகள் நலமா? ஆடுகள் கொழுத்திருக்கின்றனவா? அடுத்தபடியாக, தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமா? இங்கே குதிரைகள் நலம், ஆடுகள் நலம். ஆட்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முயன்றேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் நாலடிப் பாட்டாகப் பதில் தருகிறீர்கள். நான் டிராக்டர் ஓட்டி ஓய்ந்தவன், எதிர்ப்பாட்டுக்கு எங்கே போவேன்? கடிதம் என்றால் நீங்கள் குறுக்கே பாட முடியாது.

ஆகஸ்ட் கடைசியில் நம் பேத்தி பல்ஜானைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்குமுன் ஊர் வழக்கப்படி நாத்திறப்பு விருந்து வைத்தோம் அல்லவா. அன்று நீங்கள் ஏதோ ஊர்ப் போட்டியில் பாடிவிட்டு நேராக வந்து இறங்கினீர்கள். கழுத்தில் கம்பளித் துண்டு, குரல் துருப்பிடித்த கேட்டைத் திறப்பது போல. "தொண்டைக்கு என்ன சம்பந்தி?" என்று கேட்டேன். "காத்து பட்டுருச்சு, வேற ஒண்ணுமில்ல. ரெண்டு கிண்ணம் சூப்பு உள்ள போனா குயிலு கூவும் பாருங்க" என்றீர்கள். சூப்பு போயிற்று, குயிலைக் காணோம். அப்போதே நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சம்பந்தியை ஆண்டவனைப் போல மதி என்று முன்னோர் சொல்லி வைத்துவிட்டார்கள். ஆண்டவன் வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்கினால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. அதற்குள் என் மனைவி குலாய் பிள்ளையைத் தரதரவென்று இழுத்து வந்து, "சம்பந்தி, இவ வாயில துப்புங்க! உங்க பாட்டு இவளுக்கும் வரட்டும்!" என்றாள். பெரிய பாடகர் எச்சில் பட்டால் பாட்டு வரும் என்பது நம் ஊர் நம்பிக்கை, நானும் மறுக்கவில்லை. நீங்களும் கஞ்சத்தனமில்லாமல் துப்பினீர்கள். நாவைத் திறக்க விருந்து வைத்தோம். மூன்றாம் நாள் பிள்ளைக்குத் தண்ணீர் விழுங்கக்கூடத் தொண்டை திறக்கவில்லை.

காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. தொண்டைக்குள் பார்த்தால் ஒரே சிவப்பு, நடுவே வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. குலாய் உடனே தொண்டை அழுத்தும் மூதாட்டியைக் கூட்டி வந்தாள். அந்தம்மா கட்டைவிரலை உள்ளே விட்டு அழுத்தினாள், பல்ஜான் கடித்தாள், இப்போது அந்தம்மாவின் விரலுக்கு நாங்கள் வைத்தியம் பார்க்கிறோம். அப்புறம் செம்மறி வால் கொழுப்பை உருக்கிக் கொடுத்தோம், வாந்தி எடுத்தாள். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். பத்து நாளைக்கு மாத்திரை எழுதினார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் போய், பிள்ளை எழுந்து வெளியே ஓடிவிட்டது. "கிழவா, நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மருந்து?" என்றாள் குலாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த வாரம் ஓர் ஆட்டுக்குட்டிக்குச் சளி பிடித்திருந்தது. மிச்ச மாத்திரையை அதற்குக் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் சொன்னபடி மருந்து சாப்பிட்டு முடித்தது அந்தக் குட்டி ஒன்றுதான்.

அக்டோபரில் முதல் பனி விழுந்த சமயம் பல்ஜானுக்கு முழங்கால் வீங்கியது. பூசணிக்காய் மாதிரி. தேய்த்துவிட்டோம், இறங்கியது, கணுக்காலுக்குப் போனது. அங்கே தேய்த்தோம், முழங்கைக்கு வந்தது. வீக்கத்தைத் துரத்திக்கொண்டே ஒரு வாரம் ஓடினோம். மூச்சு வாங்க ஆரம்பித்ததும்தான் பயந்துபோய் மாவட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஸாவ்லே என்று ஒரு டாக்டரம்மா, சின்னப் பெண்தான், ஆனால் பார்வை மாமியார் பார்வை. நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"எத்தன நாள் மாத்திரை குடுத்தீங்க?"

"மூணு நாள்."

"மிச்சம்?"

குலாய் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "ஆட்டுக்குட்டிக்குச் சளிம்மா" என்றாள் குலாய்.

"குட்டி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"இருக்கும். பெரியவரே, இந்தக் கிருமிக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு பேரு, மணி கோத்த மாதிரி வரிசையா நிக்கும். தொண்டையிலயே அழிச்சிடணும். அரைகுறையா விட்டா, அதோட சண்டை போடறேன்னு ஒடம்பு தன் வீட்டையே இடிக்க ஆரம்பிச்சுடும். கைகால் மூட்டுகளை நக்கிட்டுப் போயிடும், இதயத்தைக் கடிச்சுடும். உங்க பேத்தி இதயத்துல கடி விழுந்திருக்கு. ஆழமில்ல. ஆனா இன்னொரு தடவ இந்தத் தொண்டைவலி வந்தா ஆழமாயிடும்."

மறுபடி வராமலிருக்க மாதம் ஒரு பென்சிலின் ஊசி, இடுப்புக்குக் கீழே, இருபத்தொரு வயது வரைக்கும். முதல் ஊசியைச் சாதாரண ஊசி என்று நினைத்துப் போட்டுக்கொண்டாள். அந்த மருந்து கல்லைக் கரைத்து ஏற்றுவது போல வலிக்குமாம். அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு, பாட்டு வந்துவிட்டது என்று குலாய் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற பிள்ளைகள் பனியில் சறுக்குகிறார்கள், இவள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, சம்பந்தி. அலுத்துப்போய்விட்டேன்.

அடுத்த வாரம் குளிர்கால இறைச்சிக்குக் குதிரை அறுக்கிறோம். முறைப்படி முதல் அழைப்பு உங்களுக்குத்தான். பல்ஜானின் தம்பி, நம் சின்னப் பேரன் வாயிலும் துப்ப வருவதாக என் மருமகளிடம் சொன்னீர்களாம். முறையை மீறி எழுதுகிறேன், மன்னியுங்கள்: வராதீர்கள். போனில் இன்னும் கரகரக்கும் அந்தத் தொண்டையை டாக்டரிடம் காட்டி, எழுதித் தரும் மருந்தை முழுசாகச் சாப்பிட்டு, வசந்தம் வந்தபின் வாருங்கள். உங்கள் பங்குக் கறியை உங்கள் மருமகன் கொண்டுவந்து தருவான். இதற்காக என்னை எந்த மேடையில் வேண்டுமானாலும் பாட்டில் திட்டிக்கொள்ளுங்கள், கட்டுப்படுகிறேன்.

தங்கள் பட்டி பெருகட்டும், தங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், தங்கள் குரல் நெடுங்காலம், சற்றுத் தொலைவிலிருந்து, ஓங்கி ஒலிக்கட்டும்.

இப்படிக்கு, தங்கள் சம்பந்தி
தொக்தார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. இன்று இரண்டாவது ஊசி. பல்ஜான் டாக்டரம்மாவின் மேசைக்கு அடியில் புகுந்து மேசைக்காலைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்பன் இழுத்தான், நர்ஸ் இழுத்தாள், மேசைதான் நகர்ந்தது. "ஸபார்கலித் தாத்தா வந்து பாடணும்! அப்பத்தான் ஊசி!" என்று உள்ளேயிருந்து ஒரே கத்தல். "தாத்தாவுக்குத் தொண்டை சரியில்லடி கண்ணு" என்றேன். "எனக்கும்தான் சரியில்ல. நான் ஊசி போட்டுக்கிறேன்ல, அவரும் போட்டுக்கட்டும்! அம்மாவோட அப்பா, பேத்தி கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாதுல்ல?" என்றாள். நம் முறை அதுதான். டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, "ஊசி ரொம்பத் தள்ளிப் போகக் கூடாது பெரியவரே. அந்தப் பாடகரை நாளைக்கே கூட்டிட்டு வாங்க. மொதல்ல அவர் தொண்டையப் பாக்கறேன், அப்புறம் முகமூடி போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு பாடட்டும்" என்றாள்.

ஆகவே வாருங்கள், சம்பந்தி. கடிதத்தைக் கொண்டுவரும் உங்கள் மருமகன் காரை அணைக்காமல் வாசலில் நிற்பான். நீங்கள் மீட்டிப் பாடும் தோம்ப்ராவை எடுத்துக்கொண்டு ஏறிவிடுங்கள். நாளைக்கு மட்டுமல்ல. மாதாமாதம் வர வேண்டும், அவளுக்கு இருபத்தொன்று முடியும் வரைக்கும். எனக்கு அறுபத்தெட்டு, உங்களுக்கு எழுபத்தொன்று. அதுவரைக்கும் நாம் இரண்டு பேரும் சாகக் கூடாது.