அக்ரூட் நோன்பு

நானூறு மீட்டர் ஆழத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள், ஒருவன் மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எவனுக்கும் ரொட்டி இறங்காது.

"என்னடா அது, பச்சையா?" என்றான் ஸ்ரேதன். தலைவிளக்கை நேராக டப்பாவுக்குள் அடித்தான்.

பசலைக்கீரை. பக்கத்தில் நாலு மத்தி மீன், ஒரு தக்காளி, ஒரு கைப்பிடி அக்ரூட் பருப்பு. போன வாரம்வரை அதே டப்பாவில் புகைபோட்ட பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் இருந்தன.

"கீரை" என்றான் நெபோய்ஷா.

"அது தெரியுது. முயலுக்கு வச்சதை மாத்தி எடுத்துட்டு வந்துட்டியா?"

எட்டு பேர் சிரித்தார்கள். சுரங்கத்துக்குள் சிரிப்பு சீக்கிரம் அடங்காது. சுவரில் முட்டிவிட்டுத் திரும்பி வரும்.

நெபோய்ஷா என்றால் செர்பிய மொழியில் அஞ்சாதவன் என்று அர்த்தம். கூரை சரிந்தபோதும், வாயு கசிந்தபோதும் அவன் பெயருக்குப் பங்கம் வந்ததில்லை. ஆனால் சட்டைப் பையில் எட்டாக மடித்து வைத்திருந்த ஒரு சீட்டு இந்த எட்டு பேர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்தால், கூரை சரிவதே தேவலை என்று தோன்றியது.

சீட்டு மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டரம்மா கொடுத்தது. பரிசோதனை முடிவைக் கறிக்கடைக்காரர் எடை சொல்வதுபோல அவள் சொன்னாள். "ஒரு மில்லிக்கு ஒன்பது மில்லியன் விந்தணு. குறைஞ்சது பதினாறு இருக்கணும்."

"ஒன்பது மில்லியனே நிறையத்தானே டாக்டர்? நம்ம நாட்டு ஜனத்தொகையே ஏழு மில்லியனைத் தாண்டலையே?"

"இவங்களும் நம்ம நாட்டு ஜனங்க மாதிரிதான். பாதிப் பேருக்கு எங்க போறதுன்னே தெரியல." அவள் எழுத ஆரம்பித்தாள். "சிகரெட் நிறுத்தணும். ரக்கியா சாராயம் நிறுத்தணும். புகைபோட்ட கறி, சாசேஜ் வேண்டாம். மீன், கீரை, தக்காளி, பயறு, பழம், தினமும் ஒரு பிடி அக்ரூட். மூணு மாசம். புது அணு முளைச்சு வெளியே வர அவ்வளவு நாளாகும். இது மந்திரமில்லை, ஒரு உதவி. அப்புறம் முக்கியமா, முயற்சியை மட்டும் விட்டுடாதீங்க."

கடைசி வாக்கியத்துக்கு அவன் மனைவி யாஸ்னா சிரித்தாள். பஸ்ஸில் திரும்பும்போது சிரிக்கவில்லை.

"நாலு வருஷமா உங்கம்மா என்னைக் காய்க்காத பிளம் மரம்னு சொல்றாங்க. நீ சூப்பை உறிஞ்சிட்டு உட்கார்ந்திருக்கே. மூணு மாசம் வாயை மூடிக்கிறேன். நீயா சொல்லு. சொல்லலேன்னா, அந்தச் சீட்டை நான் ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுவேன்."

அந்தச் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, எட்டு விளக்கும் முகத்தில் அடிக்க, நெபோய்ஷா வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"நோன்பு."

சிரிப்பு நின்றது. தவக்காலம் திங்கட்கிழமைதான் தொடங்கியிருந்தது. அந்த மட்டில் அதிர்ஷ்டம். ஆனால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர கோயில் வாசலை மிதிக்காதவன் அவன்.

"நீயா?"

"ஏன், நான் இருக்கக் கூடாதா?"

ஸ்ரேதனின் மச்சான் கோயிலில் பாட்டுப் பாடுகிறவன். அந்தத் தகுதியில் ஸ்ரேதனுக்குத் திருச்சபைச் சட்டம் முழுக்க அத்துப்படி. "நல்ல விஷயம்தான் மாப்ளே. ஆனா பெரிய நோன்புல மீன் ஏது? ஏழு வாரத்துல ரெண்டே நாள்தான் மீன்." நாலு மத்தியையும் வாலைப் பிடித்து எடுத்து ஒவ்வொன்றாக விழுங்கினான். "உன் ஆத்துமாவைக் காப்பாத்திட்டேன். நன்றியெல்லாம் வேணாம்."

*

அவன் குளித்துக் கரியைக் கழுவி வீடு வருவதற்குள் ஸ்ரேதனின் மனைவி போன் செய்துவிட்டிருந்தாள். அம்மா ராதோய்கா வாசல் கேட்டருகே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"என் ராஜா! அப்பனைப் போலவே புள்ள!"

அந்தக் கதை ஊருக்கே தெரியும். எண்பத்தாறாம் வருஷம். அப்பா ஸ்தாமென்கோ அப்போது சுரங்கத்துக் கம்யூனிஸ்ட் கட்சிக் கிளையின் செயலாளர். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. ஒரு தவக்காலத்தில் திடீரென்று கறியை விட்டார், ரக்கியாவை விட்டார், சிகரெட்டை விட்டார். கட்சிக் கமிட்டி கூப்பிட்டு விசாரித்தது. கடவுளுக்காக நோன்பிருக்கிறேன் என்று நிமிர்ந்து நின்று சொன்னார். பதவி போனது. திரும்ப வண்டி தள்ளும் வேலைக்கே அனுப்பினார்கள்.

"ஈஸ்டர் முடிஞ்சும் விடலையே அந்த மனுஷன்! இன்னும் ஒண்ணரை மாசம் இழுத்தார்! அவ்வளவு பக்தி! அந்த வருஷக் கடைசியில நீ பொறந்தே. ஆண்டவர் கணக்கைத் தீர்த்துட்டார்."

அந்தப் பக்திமான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தார். வெடிச் சத்தத்தில் ஒரு காது போனவர். மறு காதை எப்போது திறப்பது என்று அவரே முடிவு செய்வார். அந்த வருஷத்துக்குப் பிறகு அவரும் கோயில் பக்கம் போனதில்லை. அது அடக்கம் என்பாள் அம்மா. அவர் பருப்பைக் குவித்து மகன் பக்கம் தள்ளினார்.

"தின்னு" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

அன்று முதல் சமையல் அம்மா கைக்குப் போனது. தண்ணீரில் வெந்த பீன்ஸ். மறுநாள் அதன் மிச்சம். எண்ணெய் சனி ஞாயிறு மட்டும். அதுகூடப் பரவாயில்லை. படுக்கப் போகும்போது பார்த்தால், அவன் தலையணை சமையலறைச் சோபாவில் கிடந்தது.

"இது எதுக்கும்மா?"

"நோன்புன்னா வாய்க்கு மட்டும்னு நினைச்சியா? ஈஸ்டர் வரைக்கும் நான் மருமககூடப் படுத்துக்கறேன்."

நெபோய்ஷாவுக்கு டாக்டரம்மாவின் கடைசி வாக்கியம் ஞாபகம் வந்தது. "அப்போ அப்பா நோன்பிருந்தப்போ நான் எப்படிம்மா…?"

அம்மாவின் காது சிவந்தது. "அவர் புதுசு. சட்டம் தெரியாது."

அம்மாவின் தோளுக்குப் பின்னால் யாஸ்னா அவனைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜையும் பார்த்தாள்.

*

மீனை விட முடியாது. வீட்டுக்குப் பின்னாலிருந்த கரிக்கொட்டகையில், பழைய பூட்ஸுக்குள் மத்தி டப்பாக்களை ஒளித்து வைத்தான். ஒரு நாள் எண்ணிப் பார்த்தபோது அவன் வாங்கியதைவிட இரண்டு கூடுதலாக இருந்தன. யாஸ்னா வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். அவளிடம் தனியாகக் கேட்க வழியில்லை.

நாலாவது வாரம் ஒரு மத்தியானம், இரண்டாவது ஷிப்டுக்குப் போகும் முன் அவளே கொட்டகைக்கு வந்துவிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"அடுத்த வாரம் புதன், வியாழன், வெள்ளி. அந்த மூணு நாளை விட்டா இன்னொரு மாசம் போச்சு. சமையலறைக் காலண்டர்ல வட்டம் போட்டிருக்கேன். உங்கம்மாவை எப்படியாவது உன் அத்தை வீட்டுக்கு அனுப்பு."

"வாயில மீன் வாசனை அடிக்குது, பரவாயில்லையா?"

"நாலு வருஷமா ரக்கியா வாசனையைத் தாங்கினவ நான்."

கதவு திறந்தது. கரிக்கூடையோடு அம்மா நின்றாள். நெபோய்ஷாவுக்கு வாய் நிறைய மத்தி; முழங்காலில் நின்று டப்பாவைக் கரிக்குவியலுக்குள் அமுக்கிக்கொண்டிருந்தான்.

"ஜெபம் பண்றார் அத்தை" என்றாள் யாஸ்னா.

அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கொட்டகைச் சுவரில் புனித நிக்கோலாஸ் படம் தொங்கியது. அடியில் விளக்கு. சனிக்கிழமை ஸ்ரேதன் தன் மனைவியோடு வந்து கரிமேல் முழங்காலிட்டான். அவளுடைய முதுகுவலிக்கு நல்லதாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர். பூட்ஸை எடுக்க வழியில்லாமல் போனது.

பிறகு அம்மா காலண்டரைப் பார்த்தாள். அது கோயில் காலண்டர். மீன் சாப்பிடலாம் என்கிற நாளில் சின்ன மீன் படம் இருக்கும்.

"இந்த மூணு நாளுக்கு யாரு வட்டம் போட்டது?"

யாஸ்னா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். நெபோய்ஷா முந்திக்கொண்டான். "நான்தாம்மா. அது… விசேஷப் பிரார்த்தனை. எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும். வீட்டுல யாரும் இருக்கக் கூடாது."

"விசேஷப் பிரார்த்தனையா!" அம்மாவின் கண் கலங்கியது. "அதைத் தனியா செய்யலாமா கண்ணு? சவா பாதிரியாரை மூணு நாளும் வரச் சொல்லிடறேன்."

யாஸ்னா கையிலிருந்த தட்டை மெதுவாக, மிக மெதுவாகக் கீழே வைத்தாள்.

*

புதன் மாலை பாதிரியார் வந்தார். வியாழன் மாலையும் வந்தார். நல்ல மனிதர், வேகமாக வாசிக்கத் தெரியாதவர். இரண்டு நாளும் பிரார்த்தனை முடிந்ததும் அம்மா மருமகளைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்ப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை, கடைசி வட்டம். பாதிரியார், ஸ்ரேதன், அவன் மனைவி என்று மேஜை நிறைந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எண்ணெயில்லாத பீன்ஸைச் சுற்றிக் கொடுத்தார்கள். மேஜைக் கோடியில் அப்பா அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஷிப்டுல எட்டு பேரும் நோன்பு ஃபாதர்" என்றான் ஸ்ரேதன். "எல்லாம் இவனைப் பார்த்துத்தான். கேன்டீன்காரி எங்க எல்லாருக்கும் சாபம் கொடுக்கறா."

"விசுவாசம் இப்படித்தான் பரவும்" என்றார் பாதிரியார்.

அம்மா பழச்சாறு கோப்பையை உயர்த்தினாள். "என் புள்ள எளைச்சுப் போய்ட்டான், பாருங்க ஃபாதர். சிகரெட் கிடையாது, சாராயம் கிடையாது. யாருக்காக? காய்க்காத மரத்துக்காக! இவன் வயித்தைக் காயப்போடறான், இவ கொழுகொழுன்னு உட்கார்ந்திருக்கா."

யாஸ்னா எழுந்து ஃப்ரிட்ஜிடம் போனாள். அதிலிருந்த காந்த வில்லையைப் பிடுங்கினாள். கையை நெபோய்ஷாவிடம் நீட்டினாள்.

மூன்று மாதம் இன்னும் ஆகவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால், அந்த வாசல் வழியாக அவள் பெட்டியோடு பஸ் நிலையத்துக்கு நடப்பது தெரிந்தது. சுரங்கக் கூரை சரிவதற்கு முன் மரத்தூண் ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டவன் யோசிக்க மாட்டான். நெபோய்ஷா எழுந்து நின்றான்.

"மரம் நல்லாத்தான் இருக்கு. விதைதான் கம்மி."

"என்னடா சொல்றே?"

"எனக்குத்தாம்மா குறை. நாலு வருஷமா எனக்குத்தான். டாக்டர் சீட்டே இருக்கு."

அவன் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். பாதிரியார் பழக்க தோஷத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"பசலைக்கீரை… மத்தி… அக்ரூட் ஒரு பிடி… இறுக்கமான உள்ளாடை தவிர்க்கவும்…"

"இது பைபிள்ல எந்த நிருபத்துல வருது ஃபாதர்?" என்றான் ஸ்ரேதன்.

பிறகு அவன் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வந்தது. நாலு மத்தி. கரிக்கொட்டகை. தன் மனைவியின் முழங்கால்.

"அப்போ நோன்பு?" என்றாள் அம்மா.

"பொய்ம்மா. இவனுங்க சிரிப்பானுங்கன்னு சொன்னேன். நீ அவளைத் திட்டினதெல்லாம் என்னைத் திட்டியிருக்கணும். இன்னிக்கு ராத்திரி அவ எங்கூடத்தான் படுப்பா. ஃபாதர், மன்னிச்சிடுங்க."

யாஸ்னா காந்த வில்லையைத் திரும்ப ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

அம்மா மார்பில் கை வைத்து நாற்காலியில் சாய்ந்தாள். "ஆண்டவர் பேர்ல பொய்யா! இந்த வீட்டுலயா! இதே மேஜையில உட்கார்ந்துதானே உங்கப்பன் நோன்பிருந்தார்! பதவியே போகட்டும்னு கமிட்டி முன்னாடி நெஞ்சை நிமித்தி நின்ன மனுஷன்! ஸ்தாமென்கோ! வாயைத் திறங்க! நிஜமான நோன்புன்னா என்னன்னு உங்க புள்ளைக்குச் சொல்லுங்க!"

ஸ்தாமென்கோ அக்ரூட் ஓட்டை ஊதித் தள்ளினார். பருப்பை மகன் பக்கம் நகர்த்தினார். அந்தச் சீட்டையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கதைக்கு வாய் திறந்தார்.

"எனக்கும் இப்படி ஒரு சீட்டுக் குடுத்தாங்க ராதோய்கா. கமிட்டி கேட்டப்போ இதைக் காட்டறதா, ஆண்டவர் பேரைச் சொல்றதான்னு யோசிச்சேன்; ஆண்டவரைச் சொன்னா பதவி மட்டும்தானே போகும்."