ஓரத்தில் ஏழுமலை கையெழுத்து

நாற்பத்தெட்டு வயதில் எனக்குப் படிப்பு ஆசை வந்தது என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். வந்தது மேனேஜர் நாற்காலி ஆசை. எம்.பி.ஏ. பட்டம் இல்லாதவனுக்கு அது கிடையாது என்று எங்கள் தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள். (என் சூப்பர்வைசர் நாற்காலிக்கு ஒரு பக்கம் கைப்பிடியே இல்லை.) அதனால் ஞாயிறுதோறும் கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி, சென்னையில் ஒரு பல்கலைக்கழக வகுப்பில் என் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன்.

"இந்த வயசுல உனக்கு இன்னாத்துக்குய்யா இந்தப் பேஜாரு?" என்றாள் மனைவி செல்வி. ஆனாலும் தயிர்சோறு கட்டித் தந்தாள்.

மற்றதெல்லாம் சமாளித்தேன். ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை என்றதும் காய்ச்சலே வந்துவிட்டது. அதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை.

பாடம் எடுக்கும் மேடம் தெளிவாகத்தான் சொன்னார்: "சும்மா எழுதக் கூடாது. ஒவ்வொரு கருத்துக்கும் ஆதாரம் காட்டணும்."

அவர் சொன்னது புத்தகங்களை. எங்கள் தொழிற்சாலையில் ஆதாரம் என்றால் கையெழுத்து. ஒரு நட்டை முறுக்கினால்கூட முறுக்கியவன், பார்த்தவன், ஒப்புக்கொண்டவன் என்று ஆளுக்கொரு கையெழுத்து வேண்டும்.

உற்பத்தி ஏன் தாமதமாகிறது என்று எழுதினேன். ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் நிற்பது பற்றிய பத்திக்குப் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் தெலுங்கில் கையெழுத்திட்டார். மோட்டார் பத்தியை எடுத்துக்கொண்டு ஃபிட்டர் ஏழுமலையிடம் போனேன்.

"இன்னா எழுதிக்கிற, படிச்சிக் காட்டு சார். தெரியாம போட்டுட்டு நாளிக்கி நான் மாட்டிக்கினா?"

"பராமரிப்பு சரியில்ல, அதனால மோட்டார் நின்னுபோகுதுன்னு எழுதியிருக்கேன்."

"பராமரிக்கிறது யாரு, நான்தானே? என்னையே கொற சொல்லிட்டு என்கிட்டயே கையெழுத்தா? மோட்டரு பழசுன்னு மாத்து சார்."

மாற்றினேன். (ஆராய்ச்சி முடிவுகள் இப்படித்தான் பிறக்கின்றன.) சாப்பாடு தாமதம் பற்றிய பத்தியில், சாம்பார் ருசியாக இருக்கும் என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் கேன்டீன்காரர் பேனாவைத் தொட்டார். கடைசியாக ஸ்டோர் ரூமில் 'பரிசோதிக்கப்பட்டது' முத்திரையும் குத்தி, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு மேடம் கூப்பிட்டார். "சார், இதை எத்தனை பேர் சேர்ந்து எழுதினீங்க?"

"நான் மட்டும்தான் மேடம்."

"அப்போ இவங்கல்லாம் யாரு?"

"ஆதாரம் மேடம்."

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "இது தனியா எழுத வேண்டியது. இத்தனை பேர் கை பட்டிருந்தா நான் துறைத் தலைவருக்கு அனுப்பியாகணும்."

விசாரணை என்றால் ஒரு வருடம் போச்சு. எழுந்து ஓடிவிடலாம்தான். ஆனால் ஏழுமலை ஷிப்ட் முழுக்க, "நம்ம கட்டுரை பாஸாயிடும்" என்று சொல்லி வைத்திருந்தான். எந்த முகத்தோடு தொழிற்சாலைக்குள் போவது?

"வெள்ளைத்தாள் குடுங்க மேடம். உங்க எதிர்லயே எழுதறேன்."

நூலகப் புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழக்கமான ரயில் போனது, அதற்கடுத்ததும் போனது. நான் எழவில்லை. மேடம் அருகில் வந்து பார்த்தார்.

"ஏழுமலை சொன்னதையும் எழுதலாம் சார். நேர்ல பேசினதுன்னு குறிப்பிட்டா போதும். கையெழுத்தெல்லாம் வேணாம்." பிறகு ஒரு வரியில் விரல் வைத்தார். "இந்தச் சாம்பார் அவசியமா?"

"அதை எடுத்துட்டா எனக்கு மதியச் சோறு கிடைக்காது மேடம்."

அப்போதுதான் அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்தார். எல்லைக்கோட்டைத் தொட்டுத் தேறினேன்.

இப்போது நான் மேனேஜர். ஆனால் ஏழுமலை தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "எம்.பி.ஏ.வுல எனக்கும் ஒரு பங்கு உண்டு" என்று சொல்லியிருக்கிறான். செல்வி அதற்கும் மேல். உறவுக்காரர்கள் யாராவது, "ஊட்டுக்காரரு இன்னா படிச்சிக்கிறாரு?" என்று கேட்டால் போதும்.

"அவரு எங்க படிச்சாரு? அஞ்சாறு பேரு சேந்து படிச்சாங்க."