அக்கறைப் பெரியப்பா

அக்கறைப் பெரியப்பா என்றொரு இனம் உண்டு. பெரியப்பாவாகத்தான் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை. அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று எந்த வேடத்திலும் வரும். ஒரு பிள்ளைக்குச் சர்க்கரை நோய் என்று காதில் விழுந்தால் போதும், டாக்டருக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் தானே பொறுப்பேற்றுக்கொள்ளும்.

நம் பெரியப்பாவின் தம்பி மகளுக்குப் பதினைந்து வயது. நான்கு வருடமாகச் சாப்பாட்டுக்குத் தக்கபடி அளவு பார்த்துத் தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். அவருக்கு இது போதுமா? "ஊசிக்கு உடம்பு பழகிடும்மா. மனசு வச்சா எல்லாம் சரியாயிடும்" என்பார், தன் பிரஷர் மாத்திரையை விழுங்கியபடி.

அன்று அவர் பிறந்தநாள். ஒரு துண்டு கேக்குக்குக் கணக்குப் பார்த்து, முன்கூட்டியே ஊசி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள் அவள். பெரியப்பா கத்தியை எடுத்தார், அவளைப் பார்த்தார், கண் கலங்கினார், கத்தியைக் கீழே வைத்தார்.

"நம்ம கண்ணு சாப்பிட முடியாதத நாம யாரும் தொடக் கூடாது. இன்னைக்கு கேக் கிடையாது!"

"அப்புறம் எதுக்குப்பா வாங்கினீங்க?" என்றான் அவர் மகன்.

கைதட்டலில் அது அமுங்கியது. உரை தொடங்கியது.

போட்ட ஊசிக்குப் பெருந்தன்மை புரியுமா? அது தன் வேலையைப் பார்த்து, ரத்தச் சர்க்கரையை இறக்கியது. அவளுக்கு விரல் நடுங்கியது, வேர்த்தது. அவசரத்துக்கென்று பையில் வைத்திருந்த மிட்டாயை வாசலிலேயே பறிமுதல் செய்திருந்தார் பெரியப்பா. வாய்விட்டுக் கேட்கலாம்தான். கேட்டால் இருபது தலை திரும்பும், இருபது யோசனை புறப்படும். அதற்கு மயங்கி விழுவதே மேல் என்றுதான் பதினைந்து வயதில் தோன்றும்.

உரை 'மன உறுதி'யை எட்டியபோது கண் இருட்டியது. எழுந்துவிட்டாள்.

"பெரியம்மா, சர்க்கரை டப்பா எங்க?"

"சர்க்கரையா!" பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்குக்குச் சேத்து ஊசி போட்டாச்சு பெரியப்பா. இப்ப சர்க்கரை உள்ள போகலன்னா விழுந்துடுவேன்."

பெரியம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி வந்தார். குடித்துச் சற்று நேரத்தில் நடுக்கம் அடங்கியது.

"பாத்தீங்களா? மன உறுதின்னு நான் சொன்ன உடனே எழுந்துட்டா!" என்றார் பெரியப்பா.

அவள் கேக்கை வெட்டினாள். தனக்கென ஒரு துண்டை எடுத்து வைத்துவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்றை அவர் வாயில் திணித்தாள். உரை நின்றது.

இதைப் படிக்கும்போதே, 'அந்தப் பெண்ணுக்கு ஒரு மூலிகைப் பொடி இருக்கிறதே, சொல்லலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா? கொஞ்சம் வாயைத் திறவுங்கள். கேக் இன்னும் மிச்சம் இருக்கிறது.