ஒன்பது சிலிண்டரும் காணாமல் போன இருவரும்

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஜெட் விமானங்கள் மேல் எனக்குப் பிரியமும் கிடையாது. எனக்குப் பைத்தியம் பிடித்தது பழைய காலத்து விமானங்களின் மூக்கில் இருந்த ரேடியல் இன்ஜின்கள் மேல். எப்படிப் பிடித்தது என்று கேட்டால் தெரியாது. சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு நாய் வளர்ப்பு, எனக்கு இது. (சீட்டாட்டம் என்றால் கூட உட்கார நாலு பேராவது கிடைப்பார்கள்.)

ஓசூரில் கான்ராடு செய்யும் ஒரு கம்பெனியில் நான் தரப் பரிசோதகன். கான்ராடு என்பது இன்ஜினுக்குள் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கை. ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான கைகளைப் பிடித்து, அளந்து, பெட்டியில் போட்டு அனுப்புவேன். எந்தக் கை எந்த வண்டிக்குப் போகிறது என்று தெரியாது. ரேடியல் இன்ஜினில் அப்படியில்லை. ஒன்பது சிலிண்டர்களும் வட்டமாக நிற்கும். நடுவில் ஒரு பெரிய கான்ராடு, அதற்கு மாஸ்டர் ராடு என்று பெயர். மற்ற எட்டும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யும். சிலிண்டரைச் சுற்றிலும் மெல்லிய செதில்கள். அவற்றைக் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அத்தனை சீராகக் கடைந்திருக்கிறார்கள். எங்கள் லைனில் கம்ப்யூட்டர் இருந்தும் வாரத்துக்கு ஒரு கூடை ரிஜெக்ட் வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேல் அதன் சத்தம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. இந்த வரிசையில்தான் வெடிக்கும். பந்தியில் ஒருவர் விட்டு ஒருவருக்குப் பரிமாறினால் இரண்டாவது சுற்றில் எல்லா இலையும் நிறைந்துவிடும் இல்லையா, அந்தக் கணக்கு. கிளப்பும்போது முதலில் ஒரு சிலிண்டர் மட்டும் இருமும். பிறகு இன்னொன்று. அடி சிலிண்டர்களில் ராத்திரி இறங்கித் தேங்கிய ஆயில் எரிந்து வெள்ளைப் புகை குபீரென்று வரும். டப், டப், டமார். பிறகு ஒன்பதும் சேர்ந்துகொள்ளும். பெங்களூரில் ஒரு விமானக் கண்காட்சிக்குப் போய், வேலிக்கு வெளியே நின்று, ஒரு பழைய விமானத்தின் இன்ஜின் கிளம்பி ஓடி அணைந்த பதினோரு நிமிடத்தையும் போனில் பதிவு செய்து வந்திருந்தேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரர்களிடம் நீட்டுவேன். பாதி நிமிடம் காதில் வைத்துவிட்டு, "வண்டில ஏதோ மிஸ்ஸிங் இருக்குதுபா, கார்புரேட்டர் பாக்கச் சொல்லு" என்று திருப்பிக் கொடுப்பார்கள். முழுசாகக் கேட்டவர் ஒருவருமில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். அம்மாவும் அப்பாவும் இல்லை. ஒரு அக்கா, ஒரு அத்தான், அவ்வளவுதான் என் ஜனம். கல்யாணம் ஆகவில்லை. ஓசூரில் தனி ரூம். இதெல்லாம் மற்ற நாட்களில் பெரிதாகத் தெரியாது. ஆயுத பூஜை அன்றைக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் சைக்கிளுக்குப் பொட்டு வைப்பதோடு முடிந்துவிடும். ஓசூரில் அது கம்பெனித் திருவிழா. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். மெஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, நடைபாதையில் கோலம் போட்டிருக்கும். பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவும் அதன்மேல் மஞ்சள் ஹெல்மெட்டுமாகப் பெண்கள் வருவார்கள். "இதுதான் நான் ஓட்டுற மெஷின்" என்று ஆண்கள் காட்டுவார்கள். ஒரு வாரத்துக்கு முன்பே ஃபாரம் தருவார்கள். "உடன் வருவோர் எண்ணிக்கை" என்ற கட்டத்தில் வருடா வருடம் நான் பூஜ்யம் போடுவேன். தரப் பரிசோதகன் அல்லவா, நல்ல வட்டமான பூஜ்யம். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே வேலைதான். "அந்தோணி, எங்களை ஒரு போட்டோ எடுப்பா." ஓசூரில் பாதி வீட்டு ஹாலில் நான் எடுத்த போட்டோ இருக்கிறது. ஒன்றிலும் நான் இல்லை.

ஏழெட்டு வருடங்களுக்கு முன் ஒருதரம், குடும்பங்களுக்குக் காட்ட யாராவது ஏதாவது செய்து வைக்கலாம் என்று நிர்வாகம் அறிவித்தது. நான் மேனேஜரிடம் அனுமதி வாங்கி, ரிஜெக்ட் ஆன கான்ராடுகளையும் அலுமினியத் துண்டுகளையும் வைத்து ரேடியல் இன்ஜினின் மாதிரி ஒன்று செய்தேன். எட்டு மாதம் ஆனது. கைப்பிடியைச் சுற்றினால் கிராங்க் சுழலும், ஒன்பது பிஸ்டன்களும் முறை வைத்து வந்து போகும். ரூமில் அதைத் தனியாகச் சுற்றிப் பார்க்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால், "பாருங்கள்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏலே, நாங்க ரெண்டு பேரும் வாரோம்ல" என்றாள். "நீ செஞ்சத நான் பாக்காண்டாமா? மாம்பழக் கலர்ல சேல எடுத்துருக்கேன், அதத்தான் கெட்டிட்டு வருவேன்."

ஃபாரத்தில் இரண்டு என்று எழுதினேன். இரண்டு பாஸ் கொடுத்தார்கள். எழுதியதோடு நிறுத்தினேனா? கேன்டீனில், பஸ்ஸில், டீ மெஷின் பக்கத்தில் என்று ஒருவர் விடாமல் சொன்னேன். எங்கள் மூன்றாவது லைன் முழுக்க என் அக்காவின் புடவைக் கலர் வரைக்கும் தெரிந்துவிட்டது.

பூஜைக்கு முதல் நாள் அக்கா கூப்பிட்டாள். "ஒங்க அத்தானுக்கு லீவு தரமாட்டேன்னுட்டானுவ. டிக்கெட்ட கேன்சல் பண்ணியாச்சு. கோவப்படாத என்ன?"

"அதுல என்னக்கா இருக்கு" என்றேன். நிறைய இருந்தது.

ஒழுங்கான மனிதன் என்றால் மறுநாள் காலையில் கேட்டில் இரண்டு பாஸையும் திருப்பிக் கொடுத்திருப்பான். அங்கே நின்றது செக்யூரிட்டி முனுசாமி அண்ணன். அவரிடமும் சொல்லி வைத்திருந்தேன். "எங்க சார் உங்க ஆளுங்கோ?" என்று ஆசையாக எட்டிப் பார்த்தார்.

"பின்னால வர்றாங்கண்ணே."

"கும்பல் ஜாஸ்தியா கீது, பாஸை மட்டும் பெட்டில போட்டுடுங்கோ. உள்ள எத்தினி பேருன்னு கணக்கு வேணும்."

இரண்டு பாஸையும் பெட்டியில் போட்டேன். யாரும் வரவில்லை என்று அவரிடம் சொல்ல வெட்கம், வேறொன்றுமில்லை. அந்த நிமிடத்தில் என் அக்காவும் அத்தானும் சட்டப்படி தொழிற்சாலைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

பூஜை முடிந்து, பொரிகடலை கொடுத்து, எல்லோரும் சுற்றிப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் என் மேசைக்குப் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றேன். ஒருவரும் வரவில்லை. பக்கத்து ஷெட்டில் வெல்டிங் ரோபோ ஒன்று சாமி படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தது. மொத்தக் கூட்டமும் அங்கே. மாலையைப் போடும், எடுக்கும், திரும்பப் போடும், ஜனங்கள் கைதட்டுவார்கள். என் இன்ஜினுக்குப் போட்டியாக ஒரு ரோபோ வரும் என்று நான் நினைக்கவில்லை.

சத்தம் கேட்டால் வருவார்கள் என்று தோன்றியது. பக்திப் பாட்டுக்காக ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு வைத்திருந்த மைக்செட் மஞ்சுவிடம் போனேன். பாகலூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். என் போனை வாங்கி வயரில் மாட்டினார்.

"சார், பேஸ் ஜாஸ்தி மாடலா?"

பேஸைக் கூட்டவா என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்த நாலு கன்னட வார்த்தைகளில் அதற்குப் பதிலும் ஒன்று. "மாடி, மாடி" என்றேன்.

புகை இல்லாமல் என்ன ரேடியல் இன்ஜின்? பூஜையில் மிச்சமிருந்த தூபக்காலை வாங்கி மேசைக்கு அடியில் வைத்து, சாம்பிராணியைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டு, பின்னால் ஒரு டேபிள் ஃபேனையும் வைத்தேன். (கண்காட்சியில் வெள்ளைப் புகை வந்ததே, அதே அளவு வர வேண்டும் என்று கணக்குப் போட்டேன். திறந்த மைதானத்துக்கும் தகர ஷெட்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதைக் கணக்கில் விட்டுவிட்டேன்.) மஞ்சு தலையை ஆட்டினார். நான் கைப்பிடியைச் சுற்றினேன்.

முதல் சிலிண்டர் இருமியது. ஷெட்டின் தகரக் கூரை கூடவே இருமியது. இரண்டாவது டமார் என்றதும் யாரோ ஓர் அம்மா "ஐயோ, கம்ப்ரசர் வெடிச்சிடுச்சு!" என்று கத்தினார். மேசைக்கு அடியிலிருந்து புகை எழும்பி, மூன்றாவது லைன் முழுக்கப் பரவி, மேலே இருந்த ஸ்மோக் டிடெக்டரைத் தொட்டது. சைரன் அடித்தது. ஒன்பது சிலிண்டர்களும் சேர்ந்துகொள்ளும் அந்த அழகான இடம் வந்தபோது ஷெட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. பக்கத்து ஷெட்டில் ரோபோ மட்டும் மாலையைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. மெயின் ஸ்விட்சை அணைத்ததும் அதுவும் நின்றது.

வெளியே மைதானத்தில் எல்லோரும் லைன் வாரியாக நின்றார்கள். சேஃப்டி ஆபீசர் கிருஷ்ணப்பா கையில் லிஸ்ட்டும் மெகாபோனுமாக எண்ணினார். வீட்டில் தெலுங்கு, ரோட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ் பேசுகிறவர். மூன்று மொழியிலும் கோபப்படத் தெரிந்தவர்.

"மூணாவது லைன், ரெண்டு பேர் கம்மி." லிஸ்ட்டில் விரலை ஓட்டினார். "அந்தோணி ஃபேமிலி!"

மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் நின்ற, என் லைன் கோவிந்தராஜின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அக்கா உள்ளயா இருக்காங்கோ?" என்று அழவே தொடங்கிவிட்டார். மாஸ்க் போட்ட இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஷெட்டை நோக்கி ஓடினார்கள்.

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அது.

"என்ன கலர் புடவை?" என்று கிருஷ்ணப்பா கேட்டார்.

"மாம்பழக் கலர்" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். அதை அவர் மெகாபோனில் அறிவிக்கவும் செய்தார். உள்ளே போனவர்கள் மாம்பழக் கலரைத் தேடத் தொடங்கினார்கள்.

"கடைசியா அவங்களை எங்க பாத்தே? நெனச்சு சொல்லு. பதறாதே."

நினைத்துப் பார்த்தேன். "திருநெல்வேலி ஜங்ஷன்ல சார்" என்றேன். "ஈஸ்டருக்குப் போயிருந்தப்போ."

மெகாபோனை அவர் அணைக்கவில்லை. என் பதில் மைதானம் முழுக்கக் கேட்டது. பிறகு எங்கோ ஓர் ஓரத்தில் ஒருவர் சிரிக்க, அது ஒருவர் விட்டு ஒருவராகப் பரவி, மொத்தக் கூட்டமும் சிரித்தது. மாஸ்க் போட்டவர்கள் வியர்வையோடு வெளியே வந்து விஷயத்தைக் கேட்டு, ஸ்ட்ரெச்சரைத் தரையில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார்கள். கோவிந்தராஜின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. என் கையை விட்டுவிட்டு, "அப்போ நீங்க தனியாவா வந்தீங்கோ?" என்று மெதுவாகக் கேட்டார். சிரிப்பைத் தாங்கிவிட்டேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு பேர் குறைந்த லிஸ்ட்டை மூட விதியில் இடமில்லையாம். நானே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதினேன்: "என்னுடன் யாரும் வரவில்லை." கிருஷ்ணப்பா படித்துப் பார்த்து, "தேதி போடு" என்றார்.

மறுநாள் விசாரணை. அவருடைய அறையில் நாங்கள் இருவர் மட்டும். சம்பவத்துக்குக் காரணமான ஒலியை முழுமையாகக் கேட்டு அறிக்கை எழுத வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. போனை மேசையில் வைத்து ஓடவிட்டேன். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"இதென்ன, விட்டு விட்டு வருது? ரிப்பேரா?"

"இல்ல சார். இப்போ ரெண்டு சிலிண்டர்தான் பிடிச்சிருக்கு. மத்தது இனிமேதான் வரும்."

"நடுவுல யாரோ கடலேகாய் கடலேகாய்னு கத்தறான்."

"வேலி பக்கத்துல கடலை விக்கிறவரு சார்."

"அவனுக்கும் சம்பவத்துக்கும் சம்பந்தம் இல்ல" என்று எழுதிக்கொண்டார்.

நான் வெடிக்கும் வரிசையைச் சொன்னேன். ஏன் ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் சிலிண்டர் வைக்க வேண்டும் என்று சொன்னேன். மாஸ்டர் ராடைப் படம் போட்டுக் காட்டினேன். தடுக்காமல் கேட்டுக்கொண்டே எழுதினார். ஏழாவது நிமிடம் வாக்கில் எழுதுவதை நிறுத்தினார். பதினோராவது நிமிடத்தில் இன்ஜின் வேகம் குறைந்து, ஒவ்வொரு வெடியும் தனித்தனியாகக் கேட்டு, பிறகு அணைந்தது.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு சார்."

பேனாவை மூடிவைத்தார். "இன்னொரு தடவ போடு" என்றார். பிறகு அவசரமாக, "ரிப்போர்ட்டுக்குத்தான்" என்றார். அந்தச் சத்தத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட ஒரே மனிதர் அவர்தான், அதுவும் ஆபீஸ் உத்தரவின் பேரில். எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தார்கள். அதிலும் அவர் எழுதியிருந்தார்: "ஒலி, இன்ஜினின் இயல்பான ஒலியே. பழுது எதுவும் இல்லை."

அக்காவிடம் இதையெல்லாம் நான் மறைத்திருக்கலாம். ஆனால் கோவிந்தராஜ் ஒருதரம் திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது, காணாமல் போனவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று முகவரி வாங்கிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அக்கா சிரித்து முடித்து, பிறகு அழுதாளாம். அதன்பின் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குத் தலை எண்ணினாலும் அத்தான், "அந்தோணி கணக்குல ரெண்டு சேத்துக்கிடுங்க" என்பார்.

அவர்கள் இன்னும் ஓசூருக்கு வரவில்லை. வரக்கூடாது என்று இல்லை. ஒரு வருடம் அக்காவுக்குக் காய்ச்சல், ஒரு வருடம் அத்தானுக்கு முட்டுவலி, ஒரு வருடம் மழை. நானும் ஃபாரத்தில் பழையபடி பூஜ்யம் போட்டுவிட்டு, மற்றவர்களைப் போட்டோ எடுக்கிறேன். ஆனால் ஒவ்வோர் ஆயுத பூஜை அன்றும், கேட்டுக்குள் நுழைவதற்கு முன், சரியாக அக்காவின் போன் வரும்.

"ஏலே, எங்களக் கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காங்கக்கா" என்பேன்.