மேலநீலிதநல்லூர் ஆப்பிள்

“அமெரிக்க நிபுணரா? எந்த அமெரிக்க நிபுணர் அண்ணாச்சி? கண்ணு அவிய உக்காந்து செஞ்சது நான். பேனர்ல என் பேரு எங்க?”

“கத்தாத அனு, ரோட்டுல கேக்கும். மேலநீலிதநல்லூர்ப் பொண்ணு செஞ்சதுன்னு போட்டா எவன் வந்து சேருவான்?”

ரோட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டது. சங்கரன்கோவில் திருவேங்கடம் சாலையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் சண்முகையாவும், அங்கே பாடம் எடுக்கும் அனுவும் சண்டை போட்டால், எதிரே வடை போடுகிறவர் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுப்பார்.

ஆப்பிள் கம்ப்யூட்டர் வாங்க சண்முகையாவுக்கு மனசு வரவில்லை. ஆப்பிள் பாடம் நடத்த மட்டும் ஆசை. ‘அமெரிக்க நிபுணர் அமைத்த ஆப்பிள் வகுப்பு’ என்று வாசலில் பேனரும் கட்டிவிட்டார். பெட்டியை முடுக்கியதும் முதலில் ஓடுகிற சின்ன நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். அதை அனு தன் கையால் தயாரித்து, பென்டிரைவில் ஏற்றி, சாதாப் பெட்டியை ஆப்பிள் பெட்டி என்று ஆப்பிளின் மேக் மென்பொருளையே நம்பவைத்தாள்.

நம்பியது, அரைமனசாக. படம் வந்ததும் சத்தம் போனது. சத்தத்தைச் சரிசெய்ததும் இன்டர்நெட் போனது. அதையும் மீட்டபோது, பெட்டி தூங்கினால் எழுந்திருக்க மறுத்தது. டேலி என்ற கணக்கு மென்பொருள் கற்பிக்கும் முத்துமணியை உட்காரவைத்து, மவுஸை அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார் சண்முகையா.

அசைத்தபடியே முத்துமணி சொன்னான்: “அண்ணாச்சி, இஸ்திரிச் சட்டை போட்ட ஒருத்தர் பேனரையே பாத்துக்கிட்டு நிக்காரு. ஆப்பிள் கம்பெனி ஆளு மாதிரி இருக்கு.”

வேறு பெட்டியில் மேக்கை ஓட்டுவது தெரிந்தால் ஆப்பிள் கம்பெனி கேஸ் போடும். சண்முகையா, வியாபாரிகள் சங்கத்தில் தமக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்தினார். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்.

“இங்கன அனுன்னு ஒரு பொண்ணு...”

பேர் வரைக்கும் போய்விட்டதா என்று சண்முகையாவுக்கு வேர்த்தது. “அனு லீவு.”

“அப்ப இது?”

“இது கூட்டிப் பெருக்க வந்த பொண்ணு.”

அனு பல்லைக் கடித்தாள்.

“அந்த அனு கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரின்னு சொன்னாவளே?”

“அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது சார். எல்லாம் அமெரிக்க நிபுணர்.”

அனு பொன்னாடையை உருவினாள். “நான்தான் சார் அனு. இந்தப் பூட்லோடர்ல ஒவ்வொரு வரியும் நான் வச்சது. கேஸ் போடணும்னா எம்பேர்ல போடுங்க. அதுலயாவது எம்பேரு வரட்டும்.”

முத்துமணி வாய் பிளந்து மவுஸை மறந்தான். பெட்டி தூங்கிப்போனது. வந்தவர் கண்முன்னே அனு பென்டிரைவைச் செருகி, நாலு தட்டுத் தட்டி அதை எழுப்பினாள்.

“கேஸா?” என்றார் அவர். “நான் வாசுதேவநல்லூர்ல வயக்காடு பாக்கேன் தாயி. எம்மவன் மகாராஜனுக்கு உன்னைக் கேக்கலாம்னு, ஆளுக்குத் தெரியாம விசாரிச்சிட்டுப் போக வந்தேன்.”

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. அனு வாசுதேவநல்லூருக்குப் போகவில்லை. மாப்பிள்ளைதான் பெட்டி படுக்கையோடு இங்கே குடிவந்தார். தெருவில் மகாராஜன் என்றால் யாருக்கும் தெரியாது. அனு வீட்டுக்காரர் என்று கேட்க வேண்டும்.